பழைய டிரவுட் ஃப்ளைகளுக்கு எந்தப் பட்டு நூல், எந்த நிறம்?

கேள்வி இது. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு, ஸ்னைப் அண்ட் பர்ப்பிள், கிரீன்வெல்ஸ் குளோரி மாதிரியான பழைய ஆங்கில டிரவுட் ஃப்ளைகளை, அதாவது டிரவுட் மீனைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சிகளைக் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். செய்முறைகளில் ‘பியர்சால்ஸ் கோசமர் பட்டு, 6ஏ’ என்று நிறுவனப் பெயரும் நிற எண்ணும் போட்டிருக்கிறது. அந்த நூல் தேடியும் கிடைக்கவில்லை. நைலான் நூலே போதுமா? ஆரி வேலைக்கு விற்கும் ‘சில்க் த்ரெட்’ ஆகுமா? முதலில் எந்த நிறங்களை வாங்க வேண்டும்?

இந்த வகை ஃப்ளைகளுக்குப் பட்டுதான் வேண்டும் என்பது என் பதில். மீன் பிடிக்க நைலானும் போதும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பெயர் சொன்ன ஃப்ளைகளில் பூச்சியின் உடம்பே நூல்தான். நூலை மாற்றினால் ஃப்ளையே வேறாகிவிடும். நிறத்தைப் பற்றி ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். நூல்கண்டில் தெரிகிற நிறம் கணக்கில்லை. முள்ளில் சுற்றி, மெழுகு ஏறி, தண்ணீரில் நனைந்தபின் தெரிகிற நிறம்தான் கணக்கு.

இன்று பெரும்பாலோர் ஃப்ளை கட்டும் முறையில் நூலுக்கு வேலை ஒன்றுதான்: இறகையும் ரோமத்தையும் முள்ளோடு இறுக்கிப் பிடித்துவைப்பது. கட்டி முடித்தால் தலைப்பக்கத்தில் ஓரிரு மில்லிமீட்டர் தவிர நூல் வெளியே தெரியாது. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வார்ஃப், நிட், யூர், ஸ்வேல் ஆறுகளில் வளர்ந்த முறை அப்படியல்ல. கல்லும் பாறையுமாக வேகமாக ஓடும் ஆறுகள் அவை. நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு வரும் பூச்சியை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய மீனுக்கு நேரம் அதிகம் இல்லை. மெலிந்த உடம்பு, அதன் முன்னால் அசைகிற சில கால்கள், இவ்வளவு தெரிந்தால் போதும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் முள்ளின் மேல் ஒரே அடுக்காகப் பட்டைச் சுற்றி, கழுத்துப் பக்கத்தில் மென்மையான பறவை இறகை ஒன்றரை அல்லது இரண்டு சுற்று சுற்றி முடித்துவிட்டார்கள். ஸ்பைடர் என்று இவற்றுக்குப் பெயர். ஸ்காட்லாந்தில் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-இல் இவற்றைப் பற்றி எழுதிப் பரவலாக்கினார். யார்க்‌ஷயர்ப் பட்டியலை டி. ஈ. பிரிட் 1885-இல் வெளியிட்டார். எட்மண்ட்ஸ், லீ என்ற இருவர் 1916-இல் அதையே இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். எந்த இறகு, எந்த ரோமம், எந்தப் பட்டு என்று வண்ணத் தாள்களில் அச்சிட்டே காட்டினார்கள். இன்று நாம் பின்பற்றும் செய்முறைகளில் பல இந்த வழியாக வந்தவைதான்.

அந்தக் காலத் தூண்டிலில் ஏறக்குறைய எல்லாமே பட்டுப்புழு கொடுத்ததுதான். தூண்டில் கயிறு ஆளிவிதை எண்ணெய் ஊறிய பின்னல் பட்டு. ஃப்ளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருந்த மெல்லிய இணைப்பு இழை, பட்டுப்புழுவின் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து நீட்டி இழுத்து எடுத்தது. ஸ்பெயினின் முர்சியா பகுதி இதற்குப் பெயர்போனது. முள்ளில் காது வைக்கும் வழக்கம் 1880-களில் பரவும்வரை, அந்த இழையை முள்ளோடு சேர்த்துக் கட்டியதும் பட்டு நூல்தான்.

சரி, பட்டுக்கு மட்டும் அப்படி என்ன தனிக்குணம்? பட்டிழை 10 முதல் 13 மைக்ரான் தடிமன் உள்ளது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும். அதன் பளபளப்பு அங்கிருந்துதான் வருகிறது. உலர்ந்த நூலில் இழைகளுக்கு நடுவே காற்று நிற்கிறது. ஒளி இழையிலும் காற்றிலும் மாறி மாறிப் பட்டுச் சிதறுவதால் நிறம் பளிச்சென்று தெரிகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீரோ எண்ணெயோ மெழுகோ புகுந்தால் சிதறல் குறைந்துவிடும். ஒளி நூலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் முள்ளைத் தொட்டுத் திரும்பும். கருவெண்கல நிற முள் என்றால் அந்தக் கருமையும் கூடச் சேர்ந்து மேலே வரும். ஆரஞ்சு செங்கல் நிறமாகிறது, மஞ்சள் பாசிப்பச்சைப் பக்கம் போகிறது, ஊதா கருப்பை ஒட்டிய நாவல்பழ நிறமாகிறது. டிரவுட் தின்னும் மேஃப்ளை என்ற உயிருள்ள ஆற்றுப் பூச்சியின் உடம்பும் இப்படித்தான்: தோல் ஒரு நிறம், உள்ளே இருப்பது இன்னொரு நிறம், இரண்டும் கலந்துதான் கண்ணுக்குப் படும். வண்ணம் பூசியது போல ஒரே தட்டையான நிறம் அதற்குக் கிடையாது.

பாலியெஸ்டர் நூலில் இந்த மாற்றம் மிகக் குறைவு. காற்றில் இருக்கும் ஈரத்தைப் பட்டு தன் எடையில் சுமார் 11 விழுக்காடு இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் 4 விழுக்காடு, பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் கீழே. பாலியெஸ்டர் ஆரஞ்சு தண்ணீரிலும் கண்டில் இருந்த அதே ஆரஞ்சாகத்தான் கத்தும். நைலான் ஃப்ளாஸ் (முறுக்கில்லாத நூல்) நனைந்தால் ஓரளவு கண்ணாடித்தன்மை பெறும், ஆனால் இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு திரும்பச் சுருங்கும். சுற்றுகள் அடுத்தடுத்துப் படிந்து உட்காருவதில்லை. நன்றாக மெழுகு ஏறிய பட்டு, விட்ட இடத்தில் அப்படியே நிற்கும்.

மூங்கில் தூண்டில் கோல் செய்பவர்களுக்கு இந்தக் குணம் நன்றாகத் தெரியும். வெள்ளைப் பட்டு நூலால் கோலைச் சுற்றி வார்னிஷ் பூசினால் நூல் கண்ணுக்கே தெரியாமல் போய், அடியில் இருக்கும் மூங்கில்தான் தெரியும்.

பியர்சால்ஸ் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1795-இல் தொடங்கிய பட்டு நிறுவனம்; பின்னாளில் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் டான்டன் ஊரில் நடந்தது. தையல் பட்டு, பூவேலைப் பட்டு, அறுவைச் சிகிச்சைக்கான தையல் நூல் எல்லாம் செய்தார்கள். அவர்களது நூல்களில் மிக மெல்லியது கோசமர். அதைவிடக் கொஞ்சம் தடித்தது நேப்பிள்ஸ். பெரிய முள்ளுக்கு, உடம்பு கொஞ்சம் பருமனாக வேண்டும் என்றால் அது. முறுக்கு இல்லாத தட்டைப் பட்டாக மாராபூ ஃப்ளாஸும் ஸ்டவுட் ஃப்ளாஸும் இருந்தன. ஸ்டவுட் ஃப்ளாஸ் டிரவுட் முள்ளுக்குப் பருமன் அதிகம், சாமன் மீனுக்கான பெரிய ஃப்ளைக்குத்தான் பொருந்தும். ஸ்பைடருக்கு வேண்டியது கோசமர் ஒன்றுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் எண் இருந்ததால், லண்டனில் கட்டுபவரும் நியூயார்க்கில் கட்டுபவரும் ‘6ஏ’ என்றால் ஒரே ஆரஞ்சைப் புரிந்துகொண்டார்கள். ‘8’ என்றால் ஊதா. ஃப்ளைக்கான பட்டை இப்போது அவர்கள் செய்வதில்லை. பழைய கண்டுகள் எங்காவது விற்பனைக்கு வந்தால் விலை கூடுதலாக இருக்கும். வாங்குங்கள் என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். வாங்குமுன் அது எத்தனை காலம் வெளிச்சத்தில் கிடந்தது என்று மட்டும் கேளுங்கள். வெயில் பட்ட பட்டு நிறம் மாறாமல் இருந்தாலும் உள்ளே நொடிந்து போயிருக்கும். லேசாக இழுத்தாலே அறுந்துவிடும்.

இனி உங்கள் ஆரி நூல். நம் ஊர்க் கடைகளில் ஆரி வேலைக்கும் வளையல் சுற்றவும் ‘சில்க் த்ரெட்’ என்று விற்பதில் பெரும்பகுதி ரேயான், அதாவது மரக்கூழில் இருந்து எடுத்த செயற்கைப் பட்டு. பளபளப்பு பட்டைவிடவும் அதிகமாக இருக்கும். நனைந்தால் அதன் வலு ஏறக்குறைய பாதியாகக் குறையும், ஃப்ளைக்கு அது ஆகாது. கண்டுபிடிப்பது எளிது. ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். உண்மைப் பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், விரலில் நசுக்கினால் பொடியாகும் கரி மிஞ்சும். ரேயான் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகி, முனையில் கெட்டியான மணியாகத் திரளும்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இன்னொரு வழி இருக்கிறது: கைத்தறிப் பட்டு நூல். சேலை நெசவுக்கு வரும் கச்சாப் பட்டு பெரும்பாலும் 20/22 டெனியர். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கினால் 42 டெனியர். சாயத்துக்குமுன் பட்டில் இயல்பாக இருக்கும் கோந்தை வேகவைத்து எடுக்கும்போது எடையில் கால் பங்கு போய்விடும், ஆக மிஞ்சுவது 31, 32 டெனியர். மூன்று இழை என்றால் 47 பக்கம். ஃப்ளை கடைகளில் விற்கும் சாதாரண நைலான் நூல் 70 டெனியர் என்பதை வைத்துப் பார்த்தால், நெசவுப் பட்டு எவ்வளவு மெல்லியது என்பது புரியும். 14, 16 எண் சிறு முள்ளுக்கு இதுவே மிகப் பொருத்தம். பாவு நூலுக்கு முறுக்கு அதிகம், ஊடை நூலுக்குக் குறைவு. கட்டுவதற்குப் பாவு நூலைக் கேளுங்கள். தட்டையாகப் படிய வேண்டிய இடத்துக்கு ஊடை நூல். தறியில் ஏற்றிய பாவில் அரிசிக் கஞ்சி போட்டிருப்பார்கள். கஞ்சி இருந்தால் நூல் சரியாக நனையாது, மெழுகும் பிடிக்காது. வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்புப் போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஈர நூலை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துச் சாயம் இறங்குகிறதா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். அரக்கிலும் கருநீலத்திலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வெளியிலிருந்து வரவழைக்கலாம் என்றால், குவில்ட் என்ற ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களுக்காக வொய்.எல்.ஐ. என்ற பெயரில் விற்கும் 100 எண் பட்டும், ஜப்பானின் ஃபுஜிக்ஸ் நிறுவனத்தின் டயர் பட்டும் நல்லவை. இவற்றில் எண் கூடக் கூட நூல் மெலியும்; 50 எண் நூல் 100-ஐவிடத் தடிப்பு. ஃப்ளை நூல்களில் 3/0, 6/0, 8/0 என்று பார்ப்பீர்கள், அங்கும் எண் கூடினால் மெலிவு. ஆனால் ஒரு நிறுவனத்தின் 6/0 இன்னொரு நிறுவனத்தின் 6/0-க்குச் சமம் என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் கணக்குக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது.

நிறங்களுக்கு வருவோம். முதலில் மஞ்சள், ஏனென்றால் இந்த மரபில் மிக அதிகம் உழைப்பது அதுதான். பழுத்த எலுமிச்சையைவிடக் கொஞ்சம் அடர்த்தியான, சிவப்புச் சாயல் கலக்காத மஞ்சளைத் தேடுங்கள். மாம்பழ மஞ்சள் வேண்டாம். நனைந்தால் அது பழுப்புக்குப் போகும், நமக்கு வேண்டியது பாசிப்பச்சைக்குப் போகும் மஞ்சள். வாட்டர்ஹென் ப்ளோவா என்ற ஃப்ளையில் இந்த மஞ்சளின் மேல், மண்ணில் வளை தோண்டும் மோல் என்ற சிறு விலங்கின் ரோமத்தை ஒரு மூச்சுக் காற்று அளவுக்கு மட்டும் ஏற்றி, அடியில் இருக்கும் பட்டு தெரிய விடுவார்கள். கழுத்தில் தாழைக்கோழிச் சிறகின் உட்புறச் சாம்பல் இறகு. இளவேனிலின் தொடக்கத்தில் வரும் லார்ஜ் டார்க் ஆலிவ் பூச்சிக்கு அது போலி. புதிதாகக் கட்டுபவர்கள் இங்கே ரோமத்தை அள்ளி அப்பிவிடுகிறார்கள். பட்டு மறைந்துவிட்டால் மஞ்சளுக்கும் பச்சைக்கும் வேறுபாடே இல்லாமல் போய்விடும்.

கிரீன்வெல்ஸ் குளோரியும் மஞ்சள் பட்டில்தான் பிறந்தது, ஆனால் அதன் உடம்பு மஞ்சள் அல்ல. 1854-ஆம் ஆண்டு மே மாதம் டர்ஹாம் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல், ட்வீட் ஆற்றில் டிரவுட் தின்றுகொண்டிருந்த பூச்சியை எடுத்துப்போய் ஸ்ப்ரவுஸ்டன் ஊரில் இருந்த ஜேம்ஸ் ரைட்டிடம் காட்டினார். ரைட் கட்டிக் கொடுத்ததுதான் இந்த ஃப்ளை. மஞ்சள் பட்டை, செருப்புத் தைப்பவர்கள் நூலுக்குத் தேய்க்கும் கருமெழுகில் இழுத்துவிட்டுச் சுற்ற வேண்டும். மெழுகு மஞ்சளை மங்கலான பாசிப்பச்சை ஆக்குகிறது. கடையில் பாசிப்பச்சைப் பட்டு வாங்கிக் கட்டினால் அந்த நிறம் வராது. மெழுகேறிய மஞ்சளில் பச்சைக்கு உள்ளே வெளிச்சம் நிற்கும்; நேரே சாயம் போட்ட பச்சையில் அது இல்லை. ஒரே மஞ்சள் கண்டில் இருந்து, வெளிர் தேன்மெழுகு போட்டு ஒன்றும், கருமெழுகு லேசாக ஒன்றும், நன்றாகத் தேய்த்து ஒன்றுமாக மூன்று நிறங்கள் எடுக்கலாம். இந்த ஒரு பயிற்சியைச் செய்து பார்த்தால் பட்டைப் பற்றிப் பாதி தெரிந்ததாக அர்த்தம்.

ஆரஞ்சு அடுத்தது. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சில் இருப்பதெல்லாம் ஆரஞ்சுப் பட்டு, கவுதாரியின் பழுப்பு மச்ச இறகு, விருப்பம் இருந்தால் தலைமுடி கனத்தில் தங்கக் கம்பி. 6ஏ என்ற பழைய நிறம், கண்டில் பார்த்தால் பளீரென்ற ஆரஞ்சாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பழுப்பு கலந்த ஆரஞ்சை வாங்கிவிடாதீர்கள். நனைந்து முள்ளின் கருமை ஏறும்போது அது செம்பழுப்பாகிவிடும். வாங்கும்போதே செங்கல் நிறமாக இருந்தால், ஆற்றில் அது வெறும் பழுப்பு. கருமெழுகும் இதற்கு வேண்டாம், வெளிர் தேன்மெழுகு போதும். ஒரே ஒரு ஃப்ளையோடு ஆற்றுக்குப் போ என்றால் நான் எடுத்துப்போவது இதைத்தான்.

ஊதாவில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கத்தரிப்பூ நிறம் அல்லது லாவண்டர் வாங்கினால் தண்ணீரில் அழுக்குச் சாம்பலாகிவிடும். ஸ்னைப் அண்ட் பர்ப்பிளுக்கு வேண்டியது நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் நிற்கும் அழுத்தமான ஊதா, 8 என்ற எண்ணில் வந்தது. நனைந்ததும் கிட்டத்தட்டக் கருப்பு. வெளிச்சத்தில் திருப்பினால் மட்டும் உள்ளே ஊதா மினுங்கும். அயர்ன் ப்ளூ என்ற சின்னஞ்சிறு கரும்பூச்சி குளிரும் காற்றும் உள்ள நாட்களில் வரும்போது இது வேலை செய்யும். இதே பூச்சிக்கு டார்க் வாட்செட் என்று இன்னொரு கட்டு இருக்கிறது. ஆரஞ்சு இழை ஒன்று, ஊதா இழை ஒன்று, இரண்டையும் சேர்த்து முறுக்கி, மோல் ரோமத்தைப் புகைபோல் ஏற்றிச் சுற்றுவார்கள். உடம்பில் இரண்டு நிறமும் மாறி மாறி வளையங்களாக விழும். நூலின் முறுக்கையே வடிவமாக்கிய இந்தக் கட்டை நான் மிகவும் மதிக்கிறேன். மெல்லிய பட்டு இல்லாமல் இது நடக்கவே நடக்காது.

பிரிம்ரோஸ் என்பது பச்சைச் சாயல் கலந்த மிக வெளிறிய மஞ்சள். கோடைக்கால வெளிர்ப் பூச்சிகளுக்கான போல்ட் ப்ளோவாவுக்கும், டிவர்ட்டன் ஊர் ஆர். எஸ். ஆஸ்டின் உருவாக்கிய டப்ஸ் இன்டிஸ்பென்சபிளுக்கும் இது பொருந்தும். இதில் மெழுகு கண்டிப்பாக வெளுத்த மெழுகாக இருக்க வேண்டும், கையும் சுத்தமாக இருக்க வேண்டும். விரல் அழுக்கு ஏறினாலே நிறம் போய்விடும். அரக்கும் குங்குமச் சிவப்பும் அடிநிறங்கள். அவற்றை முழு உடம்பாகச் சுற்றுவது குறைவு. மோல் ரோமத்துக்கு அடியில் வைத்து, வால் நுனியில் ஒரு சுற்று வெளியே தெரிய விடுவது வழக்கம். பாக்கு நிறப் பழுப்பு ஸ்டூவர்ட்டின் ப்ளாக் ஸ்பைடருக்கு: ஸ்டார்லிங் பறவையின் கருமினுக்கு இறகு, பழுப்புப் பட்டு, வேறு எதுவும் இல்லை. கருப்பும் பாசிப்பச்சையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, முதலில் வாங்க வேண்டியவை மஞ்சள், ஆரஞ்சு, ஊதா. கையில் பணம் இருந்தால் பழுப்பும் பிரிம்ரோஸும்.

வாங்கும்போது சோதிப்பது எப்படி? கடைக்குப் போகும்போது நீங்கள் கட்டப்போகும் அதே நிற முள் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒரே அடுக்காகச் சுற்றி, நனைத்து, பகல் வெளிச்சத்தில் முள்ளைக் கண்ணுக்கும் வானத்துக்கும் நடுவே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மீன் கீழிருந்துதான் பார்க்கிறது. குழல்விளக்கு வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்த ஊதாவும் அரக்கும் வெளியே வந்ததும் வேறாகத் தெரியும். வெள்ளி நிற முள்ளில் அதே பட்டு இன்னும் வெளிறி நிற்கும், அதுவும் சில நேரம் பயன்படும். இந்த எண்ணத்தைக் கடைசிவரை கொண்டுபோனவர் ஜே. டபிள்யூ. டன். விமான வடிவமைப்பாளரான அவர் 1924-இல் சொன்ன முறையில் முள்ளின் தண்டுக்கு வெள்ளை வண்ணம் பூசி, அதன்மேல் செயற்கைப் பட்டைச் சுற்றி, எண்ணெய் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆக்கினார். வெயிலில் பூச்சியின் உடம்பு ஒளிர்வதைக் கொண்டுவருவது அவர் நோக்கம். மிதக்கும் ஃப்ளைக்கு அது அழகான தீர்வு. ஓடும் நீரில் மூழ்கிப் போகும் ஸ்பைடருக்கு எனக்குக் கருமுள்தான் பிடிக்கும்.

மெழுகைப் பற்றி இன்னும் கொஞ்சம். தேன்மெழுகோடு ரோசின் என்ற மரப்பிசின் சேர்த்து உருக்கினால் பிசுபிசுப்பு கூடும். ரோசின் அதிகமானால் குளிரில் நொறுங்கும், சில துளி விளக்கெண்ணெய் விட்டால் இளகும். கருமெழுகில் தார்ப்பிசின் சேர்ந்திருக்கும், நிறம் அங்கிருந்து வருகிறது. மெழுகை விரலில் வைத்துச் சூடாக்கிவிட்டு நூலை வேகமாக ஒரே இழுப்பில் இழுங்கள். மெதுவாக இழுத்தால் நூல் மெழுகில் ஒட்டிக்கொண்டு அறும். தலை முடிச்சில் வார்னிஷ் வைக்கும்போது ஊசி முனையளவு போதும். அது உடம்புப் பட்டுக்குள் ஊர்ந்துவிட்டால் அங்கே நிறம் நிரந்தரமாகக் கருத்துவிடும்.

கையில் வெடிப்பு இருந்தால் பட்டு சிக்கும். முந்தைய இரவு தேங்காய் எண்ணெய் தடவி, கட்டும்போது நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். நூல்கண்டைப் பிடிக்கும் பாபின் கருவியின் குழாய்வாய் கூர்மையாக இருந்தால் பட்டிழை நார்நாராகப் பிரியும். பீங்கான் வாய் வைத்த பாபின் வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் காலத்தவர்போல ஒரு முழம் நூலை வெட்டி, மெழுகிட்டு, கையாலேயே கட்டுங்கள். நூலின் முறுக்கைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டால் தட்டையாகப் படியும். கூட்டிவிட்டால் உடம்பில் வளையம் வளையமாகத் தெரியும். ஸ்பைடருக்கு நான் முறுக்கோடுதான் சுற்றுவேன். சுற்றுகள் ஒன்றையொன்று தொட வேண்டும், ஏறக்கூடாது. உடம்பு முள்ளின் வளைவுக்குள் இறங்கக்கூடாது. முள் முனைக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்துங்கள். நீளமான, பருத்த உடம்பு இந்த ஃப்ளைகளைக் கெடுக்கிற அளவுக்குத் தவறான நிறம்கூடக் கெடுக்காது.

அப்படியானால் நிறத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். அளவும் மெலிவும் முதலில், இறகின் அசைவு அடுத்து, நிறம் அதற்குப் பிறகு. நிறத்திலும் வெளிறியதா அழுத்தமானதா என்பதுதான் பெரிய வேறுபாடு. மஞ்சளில் எந்த மஞ்சள் என்பது சிறியது. ஆனாலும் நூறாண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு பூச்சியையும் ஆற்றங்கரையில் கையில் பிடித்துப் பார்த்து, இதற்கு இந்தப் பட்டு என்று முடிவு செய்தவர்களின் உழைப்பு இந்த நிறங்களில் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்து பார்த்துவிட்டு, பிறகு உங்கள் ஆற்றுக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

நீலகிரிக்கோ, இலங்கையின் ஹார்ட்டன் சமவெளிக்கோ இவற்றைக் கொண்டுபோக எண்ணினால், அங்கிருப்பது ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட். நீலகிரியில் அவலாஞ்சியில் இதற்கென்றே குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். அங்கே பறக்கும் பூச்சிகள் யார்க்‌ஷயர்ப் பூச்சிகள் அல்ல, ஆகவே எந்த மாதத்துக்கு எந்த ஃப்ளை என்று பழைய பட்டியல்கள் சொல்வதை நம்பாமல் கல்லைப் புரட்டிப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். இறகு விஷயத்திலும் கவனம். கவுதாரி, உள்ளான், தாழைக்கோழி எல்லாம் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் பறவைகள். அவற்றின் இறகைத் தேடிப் போகாதீர்கள். நாட்டுக்கோழிப் பெட்டையின் கழுத்து இறகும், பண்ணைக் காடையின் முதுகு இறகும் போதுமான அளவு மென்மையாக இருக்கும். காடை இறகின் பழுப்பு மச்சம் ஆரஞ்சுப் பட்டோடு நன்றாகவே சேர்கிறது.

கடைசியாக, நூலை வைக்கும் விதம். மூடிய டப்பாவில், வெளிச்சம் படாமல், ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். அந்துருண்டையை நூலோடு ஒட்டிப் போடாதீர்கள், துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு கண்டிலும் வாங்கிய கடையையும் ஆண்டையும் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. கைச்சாய நூலில் அடுத்த தொகுதி அதே நிறத்தில் வராது, அதனால் பிடித்த மஞ்சள் ஒன்று அமைந்துவிட்டால் அதே தொகுதியில் இன்னும் இரண்டு கண்டு அப்போதே வாங்கிவிடுங்கள்.